லவீனா டகெட் கேட்ட ஜன்னல்

அயோவா மாநிலத்தில் டகெட்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு சோளக்காடு முடிந்து இன்னொரு சோளக்காடு தொடங்குவதற்கு நடுவில் கொஞ்சம் வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு காபிக்கடை, அவ்வளவுதான் ஊர். அந்த ஊருக்கு முதன்முதலில் குடிவந்த லவீனா டகெட் என்பவள், செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை காலையில் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் திறந்து, திறந்ததை ஒழுங்காகச் சாத்திவிட்டு, பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய தன் பழைய கட்டைவீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை முதலில் பார்த்தவன் டிராக்டரில் பனி வழித்துக்கொண்டிருந்த மெர்ல் என்ற விவசாயி. அவன் ஸ்டியரிங்கை விடாமல் ஒற்றை விரலை மட்டும் தூக்கினான், அந்தப் பக்கத்தில் வணக்கம் சொல்வது அப்படித்தான். அவளும் ஒற்றை விரலைத் தூக்கினாள். சரி, ஊர்க்காரிதான் என்று முடிவு செய்து அவன் மிச்சப் பனியை வழிக்கப் போய்விட்டான்.

நான் அந்த ஊரில் பன்றி வைத்தியன். சொந்த ஊர் கோவில்பட்டி. டகெட்வில்லில் மனிதர்களைவிடப் பன்றிகள் பல மடங்கு அதிகம் என்பதால் எனக்கு மரியாதைக்குக் குறைவில்லை. என் மனைவி செண்பகவல்லி அந்த ஊரின் பாரம்பரியப் பாதுகாப்புச் சங்கத்தில் செயற்குழு உறுப்பினர். ஊருக்கு வந்த புதிதில் கட்டைவீட்டைப் பார்க்கப் போன இடத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டாள். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்ட முதல் பார்வையாளர் என்று சந்தோஷப்பட்டு அன்றைக்கே சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். இனி இந்தக் கதையில் வருகிறவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் எனக்கு எந்த மொழியும் காதுக்குள் நுழையும்போதே கோவில்பட்டிப் பேச்சாக மாறித்தான் நுழையும், அதனால் நுழைந்தபடியே சொல்கிறேன்.

லவீனா வந்தது வேறு எதற்கும் இல்லை. அவளுக்கு ஒரு ஜன்னல் வேண்டும். தெற்குச் சுவரில், அடுப்புக்கு இடதுபக்க மூலையில், முழங்கால் உயரத்தில், ஒரு முழம் அகலம் ஒரு முழம் உயரம். சங்கத் தலைவி வெர்னா ஹைடமன் அவளை வரவேற்கப் போன முதல் நாளே இதைச் சொல்லிவிட்டாள். "ஒத்தக் கண்ணாடி போதும். தொறக்கக்கூட வேண்டாம். வெளிச்சம் வந்தாப் போதும்." வெர்னா தலையை ஆட்டி, "ரொம்ப நல்ல யோசனை, பார்ப்போம்" என்றாள். அயோவாக்காரர்கள் உலகத்திலேயே நல்ல மனிதர்கள், யாரையும் மூஞ்சியில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்லவே மாட்டார்கள். 'நல்ல யோசனை' என்று சொல்வார்கள். இது தெரியாமல் நான் மூன்று வருஷம் அந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானம் வரும் என்று காத்திருந்தேன்.

வெர்னாவின் சங்கடமும் எனக்குப் புரிந்தது. அந்த வீட்டின் பெருமையே அதற்கு ஜன்னல் இல்லை என்பதுதான். "முதல் குடியேறி ஏபல் டகெட் தன் கையால் கட்டிய, மாநிலத்திலேயே ஜன்னல் இல்லாத ஒரே கட்டைவீடு" என்று வாசலில் பித்தளைப் பலகை பதித்திருந்தார்கள். ஏபல் லவீனாவின் புருஷன். ஏன் ஜன்னல் இல்லை என்பதற்கு ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் க்ளெய்ட்டன் ப்ரூக் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருந்தார்: முன்னோடிகள் வெளியுலகத்தின் மயக்கங்களைக் கதவுக்கு அப்பால் நிறுத்திவிட்டு உள்ளொளியை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள், ஏபலின் வீடு மரத்தில் செய்த தியானம் என்று. பள்ளிக்கூடப் பேருந்துகள் அந்தத் தியானத்தைப் பார்க்கத்தான் வரும். பக்கத்து ஊரில் சிமெண்டில் செய்த பிரம்மாண்டமான வாத்து ஒன்று இருக்கிறது. அந்த வாத்துக்குப் போகிற கூட்டத்தில் பாதியையாவது இந்த இருட்டுதான் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. மாநில அலுவலகம் அந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் வரிசையில் சேர்த்திருந்தது, ஒரு மரக்கட்டையை அறுத்தாலும் வரிசையை விட்டுத் தள்ளிவிடும்.

ஆகவே ஜன்னலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் லவீனாவுக்குக் கொடுப்பது என்று ஊர் முடிவு செய்தது. முதலில் கேசரோல் கொடுத்தார்கள். புதிதாக யார் குடிவந்தாலும், யார் செத்தாலும், யாருக்கு முட்டி ஆபரேஷன் நடந்தாலும் அந்த ஊரில் நூடுல்ஸும் கோழியும் சீஸும் ஒன்றாகப் போட்டு வேகவைத்த கேசரோலை ஒரு கண்ணாடித் தட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். இவள் செத்தவளும் ஆயிற்று, புதிதாகக் குடிவந்தவளும் ஆயிற்று என்பதால் இரட்டிப்பாகக் கொடுத்தார்கள். வாசலில் தட்டுகள் அடுக்கடுக்காய் நின்றன. ஒவ்வொரு தட்டின் அடியிலும் சொந்தக்காரியின் பெயர் ஒட்டியிருக்கும், சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டத்துக்கு மேற்பட்ட சட்டம். லவீனாவுக்கு அது தெரியவில்லை, தட்டுகளைப் பரிசு என்று நினைத்துச் சுவரோரமாய் அழகாக அடுக்கி வைத்துக்கொண்டாள். செத்தவள் எழுந்து வந்ததைப் பற்றிக் காபிக்கடையில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டு திரும்பாததைப் பற்றித்தான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு.

அடுத்து, அவள் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு விதிகள் செய்தார்கள். கட்டில் காட்சிப் பொருள் என்பதால் பார்வையாளர் நேரம் தொடங்குமுன் எழுந்துவிட வேண்டும், பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாணலியைத் தொடக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது. "அது என் அடுப்பு" என்றாள் லவீனா. "அதனாலதான் அதைக் காப்பாத்துறோம்" என்றாள் வெர்னா, அன்பாகத்தான் சொன்னாள். குளிருக்கு ஒரு மின்சார ஹீட்டரைக் கொண்டுவந்து, பழமை கெட்டுவிடக்கூடாதே என்று அதைச் சாக்குத்துணியால் மூடிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள். அவள் உடுத்தியிருந்த பாவாடை அந்தக் காலத்துப் பாவாடை மாதிரி இல்லை என்று பேராசிரியர் சொன்னதால், கடையில் தைத்த சரியான பாவாடையும் தலைக்குல்லாவும் எடுத்துக் கொடுத்தார்கள். அவள் போட்டுக்கொண்டு நின்றபோது எல்லோரும் "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கிறாளே, சுற்றிக்காட்டும் வழிகாட்டியாகப் போட்டுவிடலாம் என்று வெர்னா நினைத்தாள். அதற்கு ஒரு தேர்வு உண்டு. தேர்வில் லவீனா தோற்றாள். முன்னோடிகள் மாலை வேளைகளை எப்படிக் கழித்தார்கள் என்ற கேள்விக்குப் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து என்று பதில் சொல்ல வேண்டும். அவள், "தூங்கினோம்" என்றாள். இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு, "நாங்க வரும்போதே இங்க ஆத்துக்குப் போற பாதை கணுக்கால் ஆழத்துக்குத் தேய்ஞ்சு கெடந்துச்சு, தேய்ச்சவங்களைத் தொரத்தி விட்டுட்டாங்க, அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள். ஏபல் டகெட் ஏன் ஜன்னல் வைக்கவில்லை என்பது கடைசிக் கேள்வி. "கொண்டுவந்த கண்ணாடி ஆத்தைக் கடக்கும்போது ஒடைஞ்சுபோச்சு. அடுத்த வருஷம் வைக்கிறேன்னாரு. எல்லா வருஷமும் அடுத்த வருஷம்னாரு. அப்புறம் ஜன்னல் வச்சுப் பலகைவீடு ஒண்ணு கட்டி நாங்க அங்க போயிட்டோம், இதைப் பன்னிக்கு விட்டுட்டோம்."

பேராசிரியர் ப்ரூக் கோபப்படவில்லை, அவர் அருமையான மனிதர். "நீங்க சொல்றது சுவாரசியமா இருக்கு, லவீனா. ஆனா நீங்க சம்பந்தப்பட்டவங்க. சம்பந்தப்பட்டவங்க சொல்றதை வரலாற்றுல அப்படியே எடுத்துக்க முடியாது" என்றார். வீட்டுச் சுவரின் அடிக்கட்டையில் வரிசையாக இருந்த பள்ளங்களை அவர் தன் புத்தகத்தில் 'முன்னோடிகளின் செதுக்கு அலங்காரம்' என்று படம் போட்டிருந்தார். அவை பன்றி கடித்த பல்தடம் என்று எனக்கு முதல் நாளே தெரியும். விருந்துக்கு அழைத்து உபசரிக்கிற மனிதரிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

தட்டுகளைத் திருப்பி வாங்கிவரச் சொல்லிச் செண்பகவல்லியைத்தான் அனுப்பினார்கள். போகும்போது இவள் ஒரு தூக்குவாளியில் மிளகு ரசமும் சோறும் கொண்டுபோனாள், ஒரு மாதமாக சீஸ் சாப்பிடுகிறவள் என்ன பாடுபடுவாள் என்று இவளுக்குத் தெரியும். லவீனா ரசத்தைக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாளாம். பிறகு செண்பகவல்லி, அந்த ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றாத ஒன்றைக் கேட்டிருக்கிறாள்: நின்று பார்க்கிற உயரத்தில் ஜன்னல் கேட்காமல் ஏன் முழங்கால் உயரத்தில் கேட்கிறாய் என்று.

"தொட்டில் அந்த உயரந்தான்" என்றாள் லவீனா.

அவர்கள் வந்த முதல் குளிர்காலத்தில், டிசம்பரில், அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. கூரைவரைக்கும் பனி. கதவைத் திறந்தால் குழந்தை விறைத்துப்போகும் என்று திறக்கவே இல்லை. மெழுகுவத்தி தீர்ந்துபோயிற்று. அடுப்பு வெளிச்சம் ஒன்றுதான், அந்த வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி சிவப்பாகத்தான் இருக்கும். பிப்ரவரியில் குழந்தை போய்விட்டது. துணியில் சுற்றி ஏபல்தான் வெளியே எடுத்துப்போனார், காய்ச்சலில் கிடந்த லவீனாவால் எழுந்திருக்க முடியவில்லை. "எனக்கு அப்புறம் அஞ்சு புள்ளைங்க பொறந்துச்சு, எல்லாத்தையும் பாத்துட்டேன். இவளைத்தான் பாக்கல. கையால தடவிப் பாத்திருக்கேன். கை மூஞ்சி ஆகுமா? குளிர்காலத்து வெயில் தெக்கே தாழ்வா வரும், அந்த மூலையில ஒரு ஜன்னல் இருந்தா நேரா தொட்டில்ல விழும். அதுக்குத்தான் வந்தேன்."

செண்பகவல்லி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னங்க, நம்ம ஊர்ல பச்சப்புள்ளய இளவெயில்ல காட்டாம ஒரு நா இருப்போமா? மஞ்சக்காமாலை வந்துரும்னு காலையிலயே மடியில போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்துருவாங்கள்ல. இந்தப் பொம்பளைக்கு அது ஒரு நா கூடக் கெடைக்கலையே. நானும் கூட்டத்துல உக்காந்து பாவாட சரியா இருக்கான்னுல்லா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்." சொல்லிவிட்டு அழுதாள்.

அந்த வாரமே சங்கக் கூட்டத்தில் இவள் தீர்மானம் கொண்டுவந்தாள். லவீனா சொன்ன கதையை எழுந்து நின்று சொன்னாள். கூட்டத்தில் கண் கலங்காதவர்கள் இல்லை, ஒரு பெட்டி டிஷ்யூ காலியாயிற்று, அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து அது ரொம்ப நல்ல யோசனை என்றார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒருத்தி ஜன்னல் படம் போட்ட மெத்தைவிரிப்பு தைத்துச் சுவரில் தொங்கவிடலாம் என்றாள். குளிர்காலச் சோர்வுக்கு வைக்கிற சூரிய விளக்கு ஒன்று தன் வீட்டில் சும்மா கிடப்பதாக இன்னொருவர் சொன்னார். முன்பே ஜன்னல் இருந்தது என்பதற்குச் சான்று கிடைத்தால் மாநில அலுவலகத்திடம் பேசலாம் என்றார் பேராசிரியர். இல்லாததால்தானே கேட்கிறாள் என்றாள் செண்பகவல்லி. அதுதான் சிக்கல் என்று அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். "பட்டியல்ல இருந்து வீட்டை எடுத்துட்டா பஸ் வராது, பஸ் வராட்டி ஊருக்குன்னு என்ன இருக்கு?" என்று வெர்னா கேட்டபோது அவள் குரல் உண்மையிலேயே உடைந்தது. இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். "வீட்டுக்காரிக்கு வீடு இல்ல, வாசல்ல இருக்க பித்தளப் பலகைக்குத்தான் வீடா? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. அந்தப் பூசாரியை இப்பத்தான் நேர்ல பாக்கேன்" என்றாள். கைதூக்கச் சொன்னார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாக இவள் கை ஒன்று. எதிராக மற்ற எல்லாக் கையும், ஈரக் கண்ணோடு. பிறகு காபி குடித்தார்கள், எலுமிச்சைக் கேக் சாப்பிட்டார்கள், அந்த ஊர் வழக்கப்படி விடைபெறுவதற்காகக் கதவருகில் நின்று கூட்டம் நடந்ததைவிட அதிக நேரம் பேசினார்கள்.

லவீனாவிடம் போய்ச் சொன்னவளும் இவள்தான். லவீனா அதற்கு, "அடுத்த வருஷம்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாளாம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பிரசங்கம் முடிந்து ஊர் கலைந்த நேரத்தில், செண்பகவல்லி என் காரின் பின்பக்கத்தைத் திறந்து, செத்த பன்றியை அறுத்து நோய் பார்க்க நான் வைத்திருக்கும் எலும்பு ரம்பத்தை எடுத்துக்கொண்டாள். "எங்க போறே?" என்றேன். "சும்மா" என்றாள். நானும் சும்மா பின்னால் போனேன். நாங்கள் கட்டைவீட்டின் தெற்குப் பக்கம் திரும்பினால் அங்கே வெர்னா நிற்கிறாள், தேவாலயத்துக்குப் போட்டுப் போன கோட்டோடு, கைப்பையிலிருந்து செத்துப்போன புருஷனின் துளைபோடும் கருவியின் பிடி நீட்டிக்கொண்டிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் முகம் சிவந்து, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். "நாங்களும் அப்படித்தான்" என்றாள் இவள். அதற்குள் மெத்தைவிரிப்புக்காரி கோடாலியோடு வந்தாள், அவளும் சும்மா பார்க்க வந்தவள்தான். சூரிய விளக்குக்காரர் கடப்பாரையோடு வந்தார். மெர்ல் செயின் ரம்பத்தோடு டிராக்டரில் வந்து இறங்கி, யாரையும் ஒன்றும் கேட்காமல் ஒற்றை விரலைத் தூக்கினான். கூட்டத்தில் ஊராக உட்கார்ந்து முடியாது என்று கைதூக்கினவர்கள் எல்லோரும், வீட்டுக்குப் போய்த் தனித்தனியாகத் தூக்கம் கெட்டு, தனித்தனியாக ஆயுதம் தேடி, ஒருவருக்கொருவர் தெரியாமல் சட்டத்தை மீற வந்து, ஒரே சுவருக்கு முன்னால் பனியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகந்தான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

கடைசியாகப் பேராசிரியர் வந்தார், கம்பளியில் சுற்றிய ஒரு கண்ணாடியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு. ஏபல் காலத்தில் வாயால் ஊதிச் செய்த, அங்கங்கே அலையடிக்கிற பழைய கண்ணாடி; இத்தனை வருஷமாக அவர் வீட்டு அலமாரியில் இருந்தது. "இங்க ஜன்னல் வைக்கிறது தப்பு. ஆனா தப்பான காலத்துக் கண்ணாடியை வைக்கிறது அதைவிடத் தப்பு" என்றார். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் அவரே கோடு போட்டார், முழங்கால் உயரத்தில்.

அந்தத் தீர்மானம் இன்றுவரை தோற்ற தீர்மானம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். யாரும் அதை மாற்றவில்லை. சட்டப்படி அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது, பித்தளைப் பலகை அப்படியே இருக்கிறது, பேருந்து வருகிறது. மாநில அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வரும் நாளில் ஊரிலேயே அகலமான பாவாடை உடுத்திய வழிகாட்டி அந்த மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை ஒரு ஆய்வாளர் கேட்டுவிட்டார். அதுதான் நான் எழுதிய உள்ளொளி என்றார் பேராசிரியர், கூசாமல்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் யார் நினைத்தார்கள். வெர்னா மூலைகளில் துளை போட்டாள், அதில் மெர்ல் ரம்பத்தை விட்டான், வால்நட் மரத்தூள் பனிமேல் பழுப்பாய்ப் படிந்தது. அறுத்த கட்டைகள் வெளியே விழுந்தன. மெர்லைத் தவிர நாங்கள் எல்லோரும் சுற்றிக்கொண்டு ஓடி வாசல் வழியாக உள்ளே புகுந்தோம். தெற்கு வெயில் தாழ்வாக உள்ளே வந்து, சிவப்புக் கயிற்றைத் தாண்டி, அடுப்போர மூலையில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் விழுந்திருந்தது. லவீனா ஏற்கெனவே அங்கே மண்டியிட்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன், பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் வெயிலுக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள், ஒரு பக்கமாய்ப் பார்த்தாள், தலையைச் சாய்த்து இன்னொரு பக்கமாய்ப் பார்த்தாள்.

"மூக்கு எங்க அம்மா மூக்கு" என்றாள். "காது அவர் காது. பாவம்."

எங்கள் கண்ணுக்கு அங்கே வெயிலும் தூசியும்தான். செண்பகவல்லி மட்டும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஊரே கூடிட்டு, கண்ணு பட்டுரும்" என்று தமிழில் முணுமுணுத்தபடி, தன் கண்ணோரத்து மையை மோதிர விரலால் தொட்டு எடுத்து, லவீனா பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், கன்னம் இருக்க வேண்டிய உயரத்தில் வெயிலில் வைத்தாள். விரலை எடுத்த பிறகும் பொட்டு அங்கேயே இருந்தது, வெளிச்சத்தின் நடுவில், ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல், மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டு. வெளியே மெர்லின் ரம்பம் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. வெர்னா புதிதாக அறுத்த ஓட்டையின் பக்கம் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு குனிந்து, தணிந்த குரலில், "அதை நிப்பாட்டு மெர்ல்" என்றாள். "குழந்தை தூங்குது."